ஆடுவது சாக்கர், கூடுவது ஃபுட்டிக்கு

நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஆஸ்திரேலியாவில் பிள்ளைகள் அதிகம் ஆடுவது நாம் சொல்லும் கால்பந்துதான் என்கிறார்கள். உலகக் கோப்பைக்கும் விடாமல் தகுதி பெறுகிறார்கள். அப்படியிருக்க, ஸ்டேடியம் நிரம்புவது மட்டும் ஏன் வேறு ஆட்டங்களுக்கு? சாக்கர் எப்போதாவது அவற்றை முந்துமா?"

மெல்பர்னின் மேற்குப் புறநகரில் பதினாறு வருடமாக இருக்கிறேன். என் மகள் ஏழு வயதிலிருந்து சாக்கர் ஆடுகிறாள். இந்தக் கேள்வி எனக்கு ஒவ்வொரு வாரமும் கண்முன்னே நடக்கிற விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் ஏரியா பூங்காவுக்கு வந்தால் நீங்கள் சொன்ன முதல் பாதி உண்மை என்று தெரியும். பனியில் நனைந்த புல்மேல் ஆறேழு சின்ன மைதானங்கள். அப்பாக்கள் கோல் வலையைக் கட்டுகிறார்கள், ஒரு அம்மா ஆரஞ்சுப் பழத்தை நறுக்கி டப்பாவில் போடுகிறார். வியட்நாமியர், எத்தியோப்பியர், பஞ்சாபி, தமிழ், கிரேக்கர், வெள்ளைக்காரர் என எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே சட்டையில் ஓடுகிறார்கள். அப்புறம் திங்கட்கிழமை அலுவலகம் போனால் அந்தப் பூங்காவே இல்லாதது போல இருக்கும். அங்கே பேச்சு முழுக்க ஃபுட்டி. வாராவாரம் எந்த அணி ஜெயிக்கும் என்று கணித்துப் புள்ளி சேர்க்கும் 'டிப்பிங்' போட்டியில் மேலாளர் முதல் வரவேற்பில் இருப்பவர் வரை சேர்ந்திருப்பார்கள். புதிதாக வந்தவரிடம் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "நீ யாருக்கு பேரக் பண்ணுகிறாய்?" என்பது. எந்த அணிக்கு ஆதரவு என்று பொருள். அதற்கு 'யாருக்கும் இல்லை' என்று பதில் சொன்னால் கேட்டவர் முகம் வாடிவிடும். உங்களுக்கு இன்னும் இந்த ஊர் ஒட்டவில்லையோ என்ற கவலை அவருக்கு.

ஃபுட்டி என்ற சொல்லே ஊருக்கு ஊர் மாறும். இந்த நாட்டில் நான்கு ஆட்டங்கள் 'ஃபுட்பால்' என்ற பெயருக்கு உரிமை கொண்டாடுகின்றன. மெல்பர்ன், அடிலெய்ட், பெர்த், டாஸ்மேனியாவில் ஃபுட்டி என்றால் ஆஸ்திரேலியன் ரூல்ஸ். நீள்வட்ட மைதானம், பக்கத்துக்கு 18 பேர், நான்கு கம்பங்கள், நடுவில் உதைத்தால் 6 புள்ளி, ஓரத்தில் போனால் 1. அதன் தேசிய லீக்தான் ஏஎஃப்எல். சிட்னியிலும் பிரிஸ்பேனிலும் ஃபுட்டி என்றால் ரக்பி லீக், அதன் லீக் என்ஆர்எல். ரக்பி யூனியன் பெரும்பாலும் பழைய தனியார் பள்ளிகளின் ஆட்டம். நான்காவதான உலகக் கால்பந்துக்கு மட்டும் 'சாக்கர்' என்று தனிப் பெயர். 1978இல் இயன் டர்னர் என்ற வரலாற்றாசிரியர் ஓர் உரையில், நியூ சவுத் வேல்ஸின் தென்கிழக்கு மூலையிலிருந்து கான்பெரா வழியாக வடமேற்கே வடக்குக் கடற்கரை வரை ஒரு கோட்டைக் கற்பனையாக இழுத்தார். கோட்டுக்கு மேற்கும் தெற்கும் ரூல்ஸ் நாடு, கிழக்கும் வடக்கும் ரக்பி நாடு. ரான் பராசி என்ற ரூல்ஸ் நட்சத்திரத்தின் பெயரில் அது இன்றும் பராசி கோடு. சாக்கருக்கு இந்தக் கோடு கிடையாது, இரண்டு பக்கமும் ஆடுகிறார்கள். ஆனால் 'இது எங்கள் ஊர்' என்று அது முழுசாகச் சொல்லிக்கொள்ள ஒரு நகரமும் இல்லை.

எண்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசின் விளையாட்டு ஆணையம் நடத்தும் கணக்கெடுப்பில், கிளப்பில் சேர்ந்து ஆடும் ஆட்டங்களில் சாக்கர்தான் முதலிடம், 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆடுகிறார்கள். பார்வையாளர் பக்கம் வந்தால் தலைகீழ். ஏஎஃப்எல் ஆட்டங்களுக்கு ஒரு சீசனில் 80 லட்சத்தைத் தாண்டி டிக்கெட் போகிறது, ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 35 ஆயிரம் பேருக்கு மேல். என்ஆர்எல் அதில் ஏறக்குறைய பாதி, ஆனால் டிவியில் அது ஏஎஃப்எல்லுக்குச் சமமாக மல்லுக்கட்டுகிறது. சாக்கரின் ஏ-லீக் ஆண்கள் ஆட்டங்கள் அண்மை வருடங்களில் சராசரி பத்தாயிரத்தைத் தொடுவதே பெரிய காரியமாக இருக்கிறது. ஒளிபரப்புப் பணத்தில் இடைவெளி இன்னும் பெரிது. 2025 முதல் 2031 வரை ஏழு வருடத்துக்கு ஏஎஃப்எல் வாங்கிய தொகை 450 கோடி ஆஸ்திரேலிய டாலர். 2021இல் தொடங்கிய ஏ-லீக்கின் ஐந்து வருட ஒப்பந்தம் சுமார் 20 கோடி. வருடக் கணக்கில் பார்த்தால் பதினாறு மடங்கு வித்தியாசம்.

இதற்கு எல்லோரும் சொல்லும் காரணம், 'ஆஸ்திரேலியர்களுக்கு முரட்டு ஆட்டம்தான் பிடிக்கும், கோல் விழாத ஆட்டம் பிடிக்காது' என்பது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பிடிக்காத ஆட்டத்துக்கு இத்தனை லட்சம் பேர் பிள்ளைகளைக் குளிரில் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவார்களா? பிரீமியர் லீக் பார்க்க நள்ளிரவில் அலாரம் வைப்பார்களா? இங்கே ஓர் ஆட்டத்தைப் பெரிதாக்குவது கிளப்போடு ஒரு குடும்பத்துக்கு உள்ள பாத்தியதை. தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு, அப்பாவிடமிருந்து மகளுக்கு இறங்குகிற சொந்தம். சாக்கரிலும் அது இருந்தது. அதைச் சாக்கரை நடத்தியவர்களே தங்கள் கையால் அறுத்தார்கள். நான் சொல்ல வருவது இதைத்தான்.

முதலில் ஃபுட்டிக்கு அந்தச் சொந்தம் எப்படி வந்தது என்று பார்ப்போம். 1858 ஜூலையில் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர், குளிர்காலத்தில் கிரிக்கெட்காரர்கள் உடம்பைத் தளரவிடாமல் இருக்க ஒரு கால்பந்துக் கிளப் வேண்டும் என்று மெல்பர்ன் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். அடுத்த வருடமே, 1859 மே மாதம், மெல்பர்ன் கிளப் தன் விதிகளை எழுதிவிட்டது. இங்கிலாந்தில் கால்பந்துச் சங்கம் தொடங்கியதே 1863இல்தான். அதாவது சாக்கர் முறையாகப் பிறப்பதற்கு முன்பே மெல்பர்ன்காரர்களுக்குச் சொந்த ஆட்டம் இருந்தது. கிரிக்கெட் மைதானத்திலேயே ஆடியதால் மைதானம் நீள்வட்டம். காலிங்வுட், ரிச்மண்ட், கார்ல்டன், எசெண்டன் எல்லாம் அணிப் பெயர்கள், அதே நேரம் மெல்பர்ன் பேட்டைகளின் பெயர்களும் கூட. நீங்கள் குடியிருக்கும் பேட்டைதான் உங்கள் அணி. பின்னாளில் வீடு மாறிப் போனாலும் அணி மாறுவதில்லை. இன்று பதினெட்டு கிளப்புகளுக்குமாகச் சேர்த்து 12 லட்சத்துக்கும் மேல் சந்தா கட்டும் உறுப்பினர்கள். கைக்குழந்தைக்குக்கூட உறுப்பினர் அட்டை வாங்குவார்கள். இறுதிப் போட்டிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை விக்டோரியாவில் அரசு விடுமுறை.

ரக்பி லீக்கின் பிறப்பு இன்னும் உருக்கமானது. சிட்னியில் ரக்பி யூனியன் ஆடிய தொழிலாளிகள் அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் கிடந்தபோது, இழந்த கூலியைத் தர ரக்பி யூனியன் நிர்வாகம் மறுத்தது. அந்தக் கோபத்தில் 1908இல் தனி லீக் கிளம்பியது. உழைக்கும் மக்களின் பேட்டைகளான சவுத் சிட்னி, பால்மெய்ன், நியூடவுன் எல்லாம் அதோடு போயின. யூனியனுக்கு 1991, 1999 உலகக் கோப்பைகள் கிடைத்தும், உள்ளூர் அளவில் அது லீக்கை எட்டிப் பிடிக்கவே இல்லை.

அதே சவுத் சிட்னியை வைத்து ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். லீக்கில் அணிகளைக் குறைக்கிறோம் என்று 1999 முடிவில் அந்தக் கிளப்பை வெளியே தள்ளினார்கள். 2000இல் சிட்னித் தெருக்களில் சுமார் 80 ஆயிரம் பேர் சிவப்பு பச்சைச் சட்டையோடு ஊர்வலம் போனார்கள். நீதிமன்றம் போனார்கள். 2002இல் கிளப் திரும்ப வந்தது. 2014இல் கோப்பையையும் தூக்கியது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சாக்கர் கதைக்கு இது தேவைப்படும்.

சாக்கரும் நேற்று வந்த ஆட்டம் இல்லை. 1880 ஆகஸ்டில் சிட்னியின் மேற்கே பரமட்டாவில் வாண்டரர்ஸ் என்ற அணியும் கிங்ஸ் பள்ளியும் ஆடிய ஆட்டத்தைப் பலரும் தொடக்கமாகச் சொல்வார்கள். பிறகு பிரிட்டிஷ் சுரங்கத் தொழிலாளிகள் நியூகாசில், வொல்லொங்காங் பக்கம் வளர்த்தார்கள். ஆனால் அதன் பொற்காலம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த அகதிகளும் குடியேறிகளும் கொண்டுவந்தது. இத்தாலியர், கிரேக்கர், குரோஷியர், செர்பியர், ஹங்கேரியர், யூதர், மால்டாக்காரர், மாசிடோனியர். பகலில் கார் தொழிற்சாலை, அணை கட்டுமானம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தன் மொழியில் சத்தமாகப் பேச ஓரிடம் வேண்டும். அந்த இடம் சாக்கர் கிளப். சவுத் மெல்பர்ன் ஹெல்லாஸ், சிட்னி குரோஷியா, மார்கோனி, செயின்ட் ஜார்ஜ் புடாபெஸ்ட், ஹக்கோவா. ஐரோப்பாவிலிருந்து நல்ல ஆட்டக்காரர்களை அவர்களுடைய கிளப்புகளுக்குப் பணம் தராமலே கூட்டிவந்துவிட்டார்கள் என்று ஃபிஃபா 1960இலிருந்து 1963 வரை ஆஸ்திரேலியாவைத் தள்ளியே வைத்தது. அவ்வளவு ஆர்வம்.

வெளியே இருந்தவர்கள் இதை 'வோக்பால்' என்றார்கள். தெற்கு ஐரோப்பியர்களைக் குறிக்கும் வசைச்சொல் அது. பள்ளியில் சாக்கர் பந்தோடு போன பையன் அடி வாங்கிய கதைகளை ஐம்பது வயது கடந்த எந்த கிரேக்க ஆஸ்திரேலியரிடம் கேட்டாலும் சொல்வார். இந்த வலி புரியாமல் சாக்கரின் இன்றைய நிலை புரியாது. நாட்டு மக்களில் ஒரு பகுதி அந்த ஆட்டத்தை 'வெளியாட்கள் சமாச்சாரம்' என்று இரண்டு தலைமுறை ஒதுக்கியே வைத்தது.

ஆனால் அந்தக் கிளப்புகளுக்குள் நடந்ததைப் பாருங்கள். 1974இல் முதல் தடவையாக உலகக் கோப்பைக்குப் போன அணியின் பயிற்சியாளர் ராலே ராஷிச், யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர். 1977இல் என்எஸ்எல் என்ற தேசிய லீக்கைத் தொடங்கினார்கள். ஏஎஃப்எல், என்ஆர்எல் என்ற பெயர்களே இல்லாத காலம் அது. நான்கு ஆட்டங்களில் முதலில் தேசிய லீக் கண்டது சாக்கர்தான். 1989இல் சவுத் மெல்பர்ன் ஹெல்லாஸுக்குப் பயிற்சியாளராக வந்தவர் யார் தெரியுமா? ஹங்கேரியின் ஃபெரென்ஸ் புஷ்காஷ். ரியல் மாட்ரிட் புஷ்காஷேதான். ஏதென்ஸில் பயிற்சியாளராக இருந்ததால் அவருக்கு கிரேக்கம் தெரியும், ஆங்கிலம் அவ்வளவாக வராது. அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், அவர் பேசுவதை மற்ற வீரர்களுக்கு மொழிபெயர்த்த இளம் கேப்டன், ஐந்து வயதில் ஏதென்ஸிலிருந்து பெற்றோரோடு கப்பலில் வந்த ஆஞ்ஜி போஸ்டெகொக்லு. 1991 இறுதிப் போட்டியில் அவர்கள் மெல்பர்ன் குரோஷியாவைப் பெனால்டியில் வென்றார்கள். அந்தக் கேப்டன்தான் 2015இல் ஆஸ்திரேலியாவுக்கு ஆசியக் கோப்பையையும் 2025இல் லண்டனின் டாட்டன்ஹாம் கிளப்புக்கு யூரோப்பா லீகையும் ஜெயித்துக் கொடுத்தவர். ஒரு புறநகர் கிரேக்கக் கிளப்பில் இதெல்லாம் நடந்தது.

குறைகளும் இருந்தன, மறைக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவின் பழைய பகை சில ஆட்டங்களில் கேலரிக்கு வந்தது, கைகலப்பு நடந்தது. நிர்வாகச் சண்டை தீரவே இல்லை. அந்த இனத்தைச் சேராத ஒருவர் அந்தக் கிளப்பில் தன்னை விருந்தாளியாகத்தான் உணர்ந்தார். 2003இல் அரசு அமைத்த குழுவின் அறிக்கை மொத்த நிர்வாகத்தையும் மாற்றச் சொன்னது. வெஸ்ட்ஃபீல்டு மால்களை உருவாக்கிய ஃபிராங்க் லோவி பொறுப்பேற்றார். அவரே போரில் தப்பி வந்தவர், ஹக்கோவா கிளப்பை நடத்தியவர். 2004இல் என்எஸ்எல் மூடப்பட்டது. 2005இல் எட்டு அணிகளோடு ஏ-லீக் பிறந்தது. தொடக்கத்தில் ஒரு நகரத்துக்கு ஓர் அணி, இன அடையாளம் கூடாது. ஹெல்லாஸ், குரோஷியா, மார்கோனி எல்லாம் ஒரே நாளில் மாநில லீகுக்கு இறங்கின. மேலே ஏற வழியும் வைக்கவில்லை. சங்கத்தின் பெயரிலேயே சாக்கர் போய் ஃபுட்பால் வந்தது.

2005 நவம்பர் 16 இரவு, அந்த மாற்றத்தை நியாயப்படுத்துவது போல ஒன்று நடந்தது. சிட்னியில் 82 ஆயிரம் பேர் முன்னால் உருகுவேயுடன் தகுதிச்சுற்று. மார்க் ஷ்வார்சர் இரண்டு பெனால்டிகளைத் தடுத்தார். ஜான் அலோய்சி கடைசி உதையை அடித்துவிட்டுச் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஓடினார். 32 வருடத்துக்குப் பிறகு உலகக் கோப்பை. 1974 அணியில் இருந்த ஜானி வாரன், வாழ்நாள் முழுக்க 'நம்மால் முடியும்' என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், ஒரு வருடம் முன்னால்தான் இறந்திருந்தார். தன்னைப் பற்றி ஜனங்கள் என்ன நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில், 'அப்பவே சொன்னேன்ல' என்பது. அந்த இரவுக்குப் பின் ரசிகர்கள் அந்த வாசகத்தைப் பதாகையில் எழுதித் தூக்கிப் பிடித்தார்கள்.

ஏ-லீக் முதல் சில வருடங்கள் நன்றாகவே வளர்ந்தது. புதிய ஆட்கள் வந்தார்கள், குடும்பங்கள் பயமில்லாமல் வந்தன. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் 2006 உலகக் கோப்பைக்குப் போன அணியின் பெயர்களை வாசியுங்கள். விடுக்கா, கலாச், போபோவிச், ஸ்கோக்கோ, பிரெஷியானோ, கிரெல்லா, அலோய்சி. பெரும்பாலும் அந்தப் பழைய கிளப்புகளின் பிள்ளைகள். ஸ்டுட்கார்ட்டில் குரோஷியாவுடன் ஆடியபோது எதிரணியிலும் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர்கள் இருந்தார்கள். நடுவர் மறதியாக மூன்று மஞ்சள் அட்டை காட்டிய யோசிப் ஷிமுனிச் கான்பெராவில் பிறந்தவர், மெல்பர்ன் குரோஷியக் கிளப்பில் ஆடியவர். ஆஸ்திரேலியாவின் கேப்டன் மார்க் விடுக்காவும் அதே கிளப்தான். அப்படிப்பட்ட வேர்களைத்தான் வெட்டினோம். சவுத் சிட்னி ஒன்றை நீக்கியதற்கு 80 ஆயிரம் பேர் தெருவுக்கு வந்தார்கள் என்று சொன்னேன் அல்லவா? இங்கே ஒரே நேரத்தில் அத்தனை கிளப்புகளைக் கீழே தள்ளினார்கள், பெரிய பத்திரிகைகள் அதை முன்னேற்றம் என்றன. அந்தக் கிளப்புகளின் தாத்தாக்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பேரப்பிள்ளைகளில் பலர் காலிங்வுட்டுக்கும் கார்ல்டனுக்கும் போய்விட்டார்கள். 2014இல் இன்னும் ஒரு படி மேலே போய், புதிதாக எந்தக் கிளப்பும் இனப் பெயரோ சின்னமோ வைக்கக் கூடாது என்று விதி போட்டார்கள். குரோஷியா என்ற பெயர் வருகிற ஸ்பான்சரைச் சட்டையில் போடக்கூட மெல்பர்ன் நைட்ஸுக்கு (பழைய மெல்பர்ன் குரோஷியாதான்) அனுமதி இல்லை. 2019இல்தான் அந்த விதியை எடுத்தார்கள்.

மக்களை உள்ளே விட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சிட்னி மேற்கில் நல்ல சாட்சி உண்டு. 2012இல் அங்கே இரண்டு புதிய அணிகள் களம் இறங்கின. ஏஎஃப்எல் கோடிகளைக் கொட்டி ஜிடபிள்யூஎஸ் (கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி) அணியை இறக்கியது. சாக்கர்காரர்கள் அவசர அவசரமாக வெஸ்டர்ன் சிட்னி வாண்டரர்ஸைத் தொடங்கினார்கள். ஆனால் பெயர், நிறம் எல்லாவற்றையும் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு ரசிகர்களிடமே கேட்டார்கள். வாண்டரர்ஸ் என்ற பெயர் 1880 பரமட்டா ஆட்டத்தின் பெயர், கவனித்தீர்களா? முதல் சீசனிலேயே லீக் பட்டியலில் முதலிடம். 2014இல் ஆசிய சாம்பியன்ஸ் லீகையே வென்றார்கள். பரமட்டா தெருக்களில் சிவப்பு கறுப்புச் சட்டையோடு பாட்டுப் பாடிக்கொண்டு ஸ்டேடியத்துக்கு நடந்துபோன கூட்டத்தை ஒருமுறை பார்த்திருக்கிறேன். லெபனான்காரர், சிலிக்காரர், செர்பியர், வென்ட்வொர்த்வில்லிலிருந்து வந்த நம்ம ஆட்கள் என எல்லோரும் அதில் இருந்தார்கள். பிறகு பரமட்டா ஸ்டேடியத்தை இடித்துக் கட்ட, அணி இரண்டு வருடத்துக்கு மேல் வேறு இடத்தில் பாதிக் காலியான பெரிய ஸ்டேடியத்தில் ஆட வேண்டி வந்தது. அந்த ஆரம்ப வேகம் அதற்கப்புறம் முழுசாகத் திரும்பவில்லை.

வாய்ப்பு வந்த நேரத்தில் அதைக் கை நழுவ விடுவதற்கு 2022 டிசம்பரைவிட வேறு உதாரணம் வேண்டாம். கத்தார் உலகக் கோப்பை. டென்மார்க்குக்கு எதிராக மேத்யூ லெக்கி கோல் அடித்தபோது இங்கே விடியற்காலை மூன்று மணியைத் தாண்டியிருக்கும். மெல்பர்ன் ஃபெடரேஷன் சதுக்கத்தில் திரண்டிருந்த ஆயிரக்கணக்கானோர் ஒரே கூச்சல், வண்ணப் புகை. அர்ஜென்டினாவிடம் 2-1 என்று தோற்றும் நாடே தலைநிமிர்ந்து பேசியது. அடுத்த வாரமே ஏ-லீக் நிர்வாகம், மூன்று வருட இறுதிப் போட்டிகளை நடத்தும் உரிமையைச் சிட்னிக்கு விற்றுவிட்டதாக அறிவித்தது. பட்டியலில் மேலே முடித்த அணியின் ஊரில்தான் இறுதிப் போட்டி என்ற வழக்கத்தை ரசிகர்கள் உயிராக மதித்தார்கள். கோபம் கொதித்தது. டிசம்பர் 17 அன்று மெல்பர்னின் இரண்டு அணிகளான விக்டரியும் சிட்டியும் மோதிய டெர்பியில் எதிர்ப்பு எல்லை மீறியது. ரசிகர்கள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள், ரசிகர்கள் கொளுத்தி எறியும் தீப்பந்தக் குச்சிகளை அணைக்க வைத்திருந்த இரும்பு வாளி சிட்டி அணிக் கோல்கீப்பர் முகத்தில் விழுந்து ரத்தம் கொட்டியது. ஆட்டம் நின்றது. உலகக் கோப்பை கொண்டுவந்த நல்ல பெயர் இரண்டே வாரத்தில் போனது. எதற்காகச் சண்டை போட்டார்களோ, அந்த ஒப்பந்தத்தையும் அடுத்த வருடம் கைவிட்டார்கள். அன்று மைதானத்துக்குள் ஓடியவர்களை நான் மன்னிக்கவில்லை. அவர்களை அந்த நிலைக்குத் தள்ளிய முடிவையும் மன்னிக்க முடியவில்லை.

பணம் ஓடும் திசையையும் சொல்ல வேண்டும். ஏஎஃப்எல்லில் டிவிப் பணம் மேலிருந்து கீழே வருகிறது. ஆஸ்கிக் என்ற சிறுவர் பயிற்சிக்குக் குறைந்த கட்டணம், கூடவே பந்தும் பையும் கிடைக்கும். சாக்கரில் பணம் கீழிருந்து மேலே போகிறது. நாம் கட்டும் பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கு மாநிலச் சங்கத்துக்கு, ஒரு பங்கு தேசியச் சங்கத்துக்கு. திறமையுள்ள பிள்ளையை மேல்நிலை இளையோர் அணியில் சேர்த்தால் வருடத்துக்கு 2,000 டாலருக்கு மேல் ஆகலாம். என் மகளோடு ஆடிய ஒரு சோமாலியப் பையன், இடது காலில் அவன் பந்தை வைத்திருக்கும் அழகு இன்னும் கண்ணில் நிற்கிறது, அந்தக் கட்டணத்தைக் கேட்டு நின்றுபோனான். அடுத்த வருடம் அவனைப் பக்கத்துப் பூங்காவில் ரூல்ஸ் சட்டையோடு பார்த்தேன். உலகம் முழுக்க ஏழைகளின் ஆட்டமாக இருப்பது இங்கே காசுள்ளவர் ஆட்டமாக மாறிக்கொண்டு வருவது எனக்கு மிகவும் வருத்தம்.

சரி, 2023க்கு வருவோம். பெண்கள் உலகக் கோப்பை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்தது. ஆகஸ்ட் 12 அன்று பிரிஸ்பேனில் பிரான்சுடன் காலிறுதி, பெனால்டியில் இருபது உதைகள். அன்று மாலை எம்சிஜி என்ற மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் ஏஎஃப்எல் ஆட்டம். ஃபுட்டி பார்க்க வந்தவர்கள் ஸ்டேடியத்துக்குள்ளேயே டிவித் திரைகளைச் சுற்றிக் குவிந்து நின்று மட்டில்டாஸின், அதாவது ஆஸ்திரேலியப் பெண்கள் சாக்கர் அணியின், பெனால்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோர்ட்னி வைன் கடைசியை அடித்ததும் கத்திய கத்தலுக்குக் கட்சி பேதமே இல்லை. இங்கிலாந்துடனான அரையிறுதியைச் சராசரி 71 லட்சம் பேர் டிவியில் பார்த்தார்கள். எட்டிப் பார்த்தவர்களையும் சேர்த்தால் 1 கோடியே 11 லட்சம். நாட்டு மக்கள்தொகையே 2 கோடியே 60 லட்சம்தான். 2001இல் இப்போதைய கணக்கெடுப்பு முறை வந்த பிறகு அவ்வளவு பேர் பார்த்த நிகழ்ச்சி வேறில்லை. ஏஎஃப்எல் இறுதிப் போட்டிகளும் ரக்பி லீக்கில் நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் ஆட்டங்களும் அதற்குப் பின்னால்தான்.

அந்த அணியின் கேப்டன் சாம் கெர் கதையில் இந்த நாட்டின் இரண்டு ஆட்டங்களும் இருக்கின்றன. பெர்த் பக்கத்து ஃப்ரீமேன்டில் பெண். அப்பா கல்கத்தாவில் பிறந்து இங்கே ரூல்ஸ் ஆடியவர், அண்ணன் வெஸ்ட் கோஸ்ட் அணிக்காக ஏஎஃப்எல் ஆடியவர். சாமும் பன்னிரண்டு வயதுவரை ரூல்ஸ்தான். அதற்கு மேல் பையன்களோடு ஆட விடமாட்டார்கள், பெண்களுக்குத் தனி வழியும் அப்போது இல்லை. அதனால் சாக்கருக்கு வந்தார். 2017இல் ஏஎஃப்எல் பெண்கள் லீகைத் தொடங்கிவிட்டது. இன்று அதே வயதில் ஒரு சாம் இருந்தால் சாக்கருக்கு வருவாளா என்பது உறுதியில்லை. எனக்கு இது மற்ற எல்லாவற்றையும்விடக் கவலை தரும் போட்டி. ஃபுட்டி தான் விட்ட இடத்தை மிக வேகமாக அடைக்கத் தெரிந்த ஆட்டம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, முந்துமா? வாராவாரம் ஸ்டேடியத்தை நிரப்பும் ஆட்டமாக, என் ஆயுளில் நடக்காது என்றே நினைக்கிறேன். நூற்றைம்பது வருடச் சொந்தத்தைப் பதினாறு மடங்கு பணத்தோடு காப்பாற்றுகிறவர்களை ஜெயிப்பது சுலபமில்லை. நல்ல சாக்கர் வீரர்கள் இருபது வயதில் ஐரோப்பா போய்விடுவார்கள், நல்ல ஃபுட்டி வீரருக்குப் போக வேறு நாடே கிடையாது. குளிர்காலத்தில் ஃபுட்டியோடு மோதாமல் இருக்கத் தேசிய லீகைக் கோடைக்கு மாற்றினார்கள். இப்போது கிரிக்கெட்டோடு மோத வேண்டியிருக்கிறது. ஆனால் நாடே ஒன்றாகப் பார்க்கும் அணி எது என்றால் அதில் சாக்கர் ஏற்கெனவே முந்திவிட்டது. நான்கு ஃபுட்பால்களில் பராசி கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே சட்டை போடவைப்பது அது மட்டும்தான். ஆண்கள் அணி 2006 முதல் 2026 வரை தொடர்ந்து ஆறு உலகக் கோப்பைகளுக்குத் தகுதி பெற்றிருக்கிறது. அந்த அணி இந்த நாட்டின் முகத்தைப் போலவும் இருக்கிறது. கென்ய அகதி முகாமில் பிறந்த ஏவர் மாபில் 2022 பிளேஆஃபில் பெருவுக்கு எதிராகப் பெனால்டி அடித்தார். 2024 அக்டோபரில் சீனாவுக்கு எதிரான ஆட்டத்தில் ஒரு பையன் முதல் தடவை மஞ்சள் சட்டை போட்டு, மாற்று வீரராக இறங்கி, கோலும் அடித்தான். முதுகில் இருந்த பெயர் வேலுப்பிள்ளை. நிஷான் வேலுப்பிள்ளை, மெல்பர்ன் பையன், தமிழ் வேர். அந்த ஆட்டம் நடந்த இடம் அடிலெய்ட் ஓவல். ஃபுட்டியும் கிரிக்கெட்டும் ஆடும் நீள்வட்டத்தில் செவ்வகக் கோடு போட்டு ஆடினார்கள், 46 ஆயிரம் பேர் வந்திருந்தார்கள். அன்று எங்கள் வீட்டில் எழுந்த சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் என்ன ஆச்சு என்று கேட்டு வந்தார்.

இன்னொரு நல்ல அறிகுறி, 2025இல் பழைய கிளப்புகளைக் கொண்டு தேசிய அளவில் இரண்டாம் நிலைப் போட்டி ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். சவுத் மெல்பர்ன், மார்கோனி போன்ற பெயர்கள் இருபது வருடம் கழித்து மாநிலம் தாண்டி ஆடுகின்றன. அங்கிருந்து ஏ-லீகுக்கு ஏறும் வழியை இன்னும் திறக்கவில்லை. திறக்க வேண்டும்.

நீங்கள் மெல்பர்ன் வந்தால் எம்சிஜியில் ஒரு ஃபுட்டி ஆட்டம் கட்டாயம் பாருங்கள், தவறவிடக் கூடாத அனுபவம். மறுநாள் என்னோடு சன்ஷைன் நார்த்தில் சோமர்ஸ் தெருவுக்கு வாருங்கள். மெல்பர்ன் நைட்ஸ் மைதானம். போன வருடம் மகளைக் கூட்டிப் போனேன். சில நூறு பேர்தான் இருந்தார்கள். வாசலிலேயே செவாப்பி சுடும் புகை, கறியும் வெங்காயமும் ரொட்டியில் வைத்துத் தருவார்கள். பின்னால் நிற்கும் கேலரிக்கு மார்க் விடுக்கா பெயர். எங்களுக்கு முன்வரிசையில் எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர், குளிருக்குக் கம்பளித் தொப்பி, முட்டி மேல் பேரன். ஆட்டம் முழுக்க குரோஷிய மொழியில் லைன்ஸ்மேனோடு பேசிக்கொண்டே இருந்தார். இடைவேளையில் என் மகளிடம் திரும்பி, "நீ எந்தப் பொசிஷன்?" என்று கேட்டார். லெஃப்ட் விங் என்றாள். "அப்ப அங்கே உட்கார், அந்தப் பக்கம்தான் ரெண்டாம் பாதியில் நம்ம லெஃப்ட் விங் ஓடுவான்" என்று இடம் காட்டினார். நம்ம என்றார். அவள் போய் அங்கே உட்கார்ந்தாள்.